சிலந்தியா, பேனா, உண்ணியா? மைட்டுக்குப் பெயர் வைத்த கதை

மாடித் தோட்டத்து வெண்டை இலையின் அடிப்பக்கத்தில் செம்மண் தூவினாற்போல ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. இலையைப் பறித்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "செம்பேன்" என்றார். பக்கத்தில் நின்ற விவசாயி "இது செஞ்சிலந்திங்க" என்றார். கையில் கொடுத்த பாட்டிலில் பூச்சிக்கொல்லி என்று போட்டிருந்தது. மூன்றுமே சரியில்லை, அது பேனும் இல்லை, சிலந்தியும் இல்லை, பூச்சியும் இல்லை. அடித்த மருந்து அதை விட்டுவிட்டு அதைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்றுபோட்டது போல, இரண்டு வாரத்தில் செடி முழுக்க நூலாம்படை.

அது மைட், சிலந்திக்குச் சொந்தமான மிகச் சிறிய உயிர். தமிழில் சொல் இல்லாமல் இல்லை, ஏகப்பட்டது இருப்பதுதான் தொல்லை. தென்னையில் வந்தால் ஈரியோபைட் சிலந்தி, மிளகாயில் வந்தால் மஞ்சள் சிலந்தி, மாட்டின் மடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் உண்ணி, முதல் மழைக்குச் செம்மண்ணில் குங்குமப் பட்டு போல ஓடினால் தம்பலப்பூச்சி. இந்தக் கடைசி ஆள் மட்டும் கொடுத்துவைத்தவர், அகநானூற்றிலேயே 'ஈயல் மூதாய்' என்று பெயரோடு வந்துவிட்டார். இவை எல்லாம் ஒரே பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவை என்று பேச்சு வழக்கில் யாருக்கும் தோன்றியதில்லை, தோன்ற வேண்டிய தேவையும் இருந்ததில்லை. நான் இங்கே மைட் என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

நம் ஊர்ப் பெயர்கள்தான் குழப்பம், லத்தீனில் வைத்த பெயர் கச்சிதமாக இருக்கும் என்று யாராவது நினைத்தால், மைட் விஷயத்தில் அது நடக்கவே இல்லை.

விலங்குகளுக்கு இரண்டு சொல் பெயர் வைக்கும் வழக்கம் அதிகாரபூர்வமாகத் தொடங்குவது 1758-ல், சுவீடனைச் சேர்ந்த லின்னேயஸின் பட்டியலில். முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். அவர் மைட்டுகள், உண்ணிகள் எல்லாவற்றையும் 'அகாரஸ்' என்ற ஒரே பேரினத்தில் போட்டுக் கட்டினார், மொத்தம் சுமார் முப்பது. அந்தப் பேரினத்தை வைத்த இடமோ இறக்கை இல்லாத பூச்சிகள் என்ற பிரிவு. பேன், தெள்ளு, சிலந்தி, தேள், நண்டு எல்லாம் அங்கேதான் இருந்தன. எட்டுக்கால் கணக்கு, உடல் எத்தனை பாகம் என்ற கணக்கெல்லாம் அப்புறம் வந்தவை.

அதைவிடப் பெரிய கூத்து, 'அகாரஸ் சிரோ' என்ற ஒரே பெயருக்குள் அவர் பழைய மாவில் நெளியும் மைட்டையும் மனிதத் தோலைக் குடைந்து சிரங்கு உண்டாக்கும் மைட்டையும் இரண்டு வகைகளாக வைத்ததுதான். ஒன்று மாவு டப்பாவில் வாழ்வது, இன்னொன்று நம் விரல் இடுக்கில் முட்டையிடுவது. சிரங்குக்குக் காரணம் இந்த ஜீவன்தான் என்று இத்தாலியில் பொனோமோவும் செஸ்டோனியும் 1687-லேயே சொல்லியிருந்தார்கள் என்பதை நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. டி ஜியர் 1778-ல் சிரங்கு மைட்டைத் தனியாகப் பிரித்தார், 1802-ல் லத்ரேய் அதற்கு 'சார்காப்டஸ்' என்று தனிப் பேரினமே ஏற்படுத்தினார். இன்றைக்கும் தோல் மருத்துவர் எழுதுவது அந்தப் பெயரைத்தான். மாவு மைட்டுக்கு அகாரஸ் சிரோ என்ற பழைய பெயர் தங்கிவிட்டது.

லின்னேயஸைக் குறை சொல்லிப் பயனில்லை. கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் உயிரை அந்தக் காலத்து லென்ஸில் பார்த்து ஒரு வரியில் வர்ணித்தால் அவ்வளவுதான் வரும். இன்றைக்குப் பெயர் வைத்து முடித்திருக்கும் மைட்டுகள் ஏறத்தாழ 55,000. பெயர் வைக்காதவை பல லட்சம் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு மைட் என்பது கண்ணாடித் தகட்டில் நசுங்கிக் கிடக்கும் ஒரு நிழல்தான். கருவேலம் பிசின் மாதிரியான ஒரு பிசினையும், கிளிசரினையும், குளோரல் ஹைட்ரேட்டையும் கலந்த 'ஹோயர்' என்ற திரவத்தில் அதை வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி போட்டு மூடி, உடல் தெளிந்ததும் முதுகில் எத்தனை முடி, எந்தக் காலின் எந்தக் கணுவில் எத்தனை முடி, அது எவ்வளவு நீளம் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அடையாளம் காண்பது என்றால் பெரும்பாலும் முடி எண்ணுவதுதான். அந்தத் திரவமும் வருடங்கள் போகப் போக உள்ளே ஈரமாகி அல்லது படிகமாகி மாதிரியைக் கெடுத்துவிடும். ஒரு சிற்றினத்தின் பெயரையே தாங்கி நிற்கும் மாதிரி அப்படிக் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முடி என்றதும் கிராண்ட்ஷானைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிரெஞ்சுக்காரர், 1882-ல் பிறந்தவர், தொழிலால் புவியியலாளர், படிகங்களில் ஊறியவர். திரவப் படிகங்களைப் பற்றி ஃப்ரீடலோடு சேர்ந்து தொடக்க கால ஆய்வுகளைச் செய்தவர்களில் ஒருவர். நடுவயதுக்குப் பிறகு மைட் பக்கம் திரும்பினார். படிகக்காரர்களிடம் முனைவாக்கிய ஒளியில், அதாவது ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியில், பார்க்கும் நுண்ணோக்கி இருக்குமில்லையா, அதில் மைட்டை வைத்துப் பார்த்தால் சிலவற்றின் முடிகள் இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தன, சிலவற்றின் முடிகள் ஒளிரவே இல்லை. 1935-ல் இதை எழுதினார். முடியின் உள்ளே இருக்கும் ஒரு பொருள்தான் காரணம். விலங்கியலிலேயே ஊறிய ஒருவர் அந்தக் கருவியைத் தொட்டே இருக்கமாட்டார் என்பது என் ஊகம்.

இந்த ஒளிரும், ஒளிராத பிரிவு ஏதோ வேடிக்கை இல்லை. மைட்டுகளின் இரண்டு பெரும் பிரிவுகள் கிட்டத்தட்ட இதே கோட்டில்தான் பிரிகின்றன. சிவப்புச் சிலந்தி, சிரங்கு, தூசி மைட், தம்பலப்பூச்சி, தென்னை ஈரியோபைட் எல்லாம் ஒளிரும் முடிக் கட்சி. உண்ணிகளும், தேனீயைப் பிடிக்கும் வரோவாவும், சிவப்புச் சிலந்தியையே வேட்டையாடித் தின்னும் நல்ல மைட்டுகளும் மறு கட்சி. இந்த இரண்டும் உண்மையிலேயே ஒரே மூதாதையின் பிள்ளைகளா, இல்லை சின்ன உடம்பு என்ற ஒற்றுமையை வைத்து நாம்தான் ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டோமா? நெதர்லாந்தின் வான் டெர் ஹம்மன் இரண்டும் வேறு வேறு என்று அடித்துச் சொன்னார். மரபணுக்களை வைத்துப் பார்த்தவர்களும் ஒத்துப்போகவில்லை, ஒரு ஆய்வு ஒன்று என்கிறது, அடுத்தது இரண்டு என்கிறது. இது இரண்டாகத்தான் முடியும் என்று எனக்கு ஒரு சாய்வு உண்டு, ஆனால் அதை வைத்து யாரும் பந்தயம் கட்ட வேண்டாம்.

சரி, பெயர் வைக்கும் விதிகளுக்கு வருவோம். விலங்குப் பெயர்களுக்கு என்று ஒரு சர்வதேச ஆணையமும் ஒரு விதித்தொகுப்பும் இருக்கின்றன. முக்கியமானவை இரண்டு. முதலில் அச்சில் வந்த பெயர் ஜெயிக்கும். பெயர் என்பது ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு கட்டப்பட்டது, நம் மனசில் இருக்கும் உருவத்தோடு இல்லை. 2000-ஆம் ஆண்டிலிருந்து புதுச் சிற்றினம் எழுதுகிறவர் அதன் பெயர் எந்த மாதிரியோடு கட்டப்பட்டது என்று குறிப்பிட்டே ஆகவேண்டும். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பேரினம் மாறினால் முதலில் விவரித்தவரின் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலையைச் செம்பு நிறமாக்கும் சிவப்புச் சிலந்தியின் பெயரைப் பாருங்கள்: ஒலிகோனிகஸ் காஃபியே (நீட்னர், 1861). தேயிலையின் எதிரிக்குக் காப்பியின் பெயர் எப்படி வந்தது? நீட்னர் அதைப் பார்த்த காலத்தில் இலங்கை மலைகளில் இருந்தது காப்பிதான். காப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றி எழுதும்போது இதற்கு 'அகாரஸ் காஃபியே' என்று பெயர் வைத்தார். 1869-லிருந்து பரவிய இலைத்துரு நோயில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. செடி மாறினாலும் பெயரை மாற்ற விதியில் இடமில்லை. அகாரஸ் போய் ஒலிகோனிகஸ் வந்ததால்தான் அந்த அடைப்புக்குறி.

என் வெண்டை இலையில் இருந்ததன் கதை இன்னும் சிக்கல். இந்தக் குடும்பத்திலேயே பெயர் போனது டெட்ரானிகஸ் உர்டிகே. இதை நூற்றுக்கணக்கான செடிகளில், எத்தனையோ நாடுகளில் பார்த்தவர்கள் எல்லாம் புதுசு என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள், இன்றைக்கு அதன் தள்ளுபடிப் பெயர்களே ஐம்பதுக்கு மேல் தேறும். ஒரே மைட் ரோஜாவில் ஒரு பெயர், பீன்ஸில் ஒரு பெயர். லின்னேயஸ் வைத்த 'டெலாரியஸ்' என்ற பெயரையும் நீண்ட நாள் இதற்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் அவருடைய சுருக்கமான விவரிப்பு இதைத்தான் சொல்கிறதா, லிண்டன் மரத்தில் வாழும் வேறொன்றைச் சொல்கிறதா என்ற சண்டை தீராமல் கடைசியில் அந்தப் பெயரைக் கைவிட்டு, கோச் 1836-ல் வைத்த உர்டிகேயில் வந்து நின்றார்கள். 1950-களின் வேளாண் புத்தகத்தில் டெலாரியஸ் என்று பார்த்தால் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தோடு முடியவில்லை. பச்சையில் இரண்டு கரும்புள்ளி இருந்தால் உர்டிகே, முழுச் சிவப்பாக இருந்தால் சின்னபாரினஸ் என்று நெடுங்காலம் இரண்டு சிற்றினங்களாக வைத்திருந்தார்கள். இப்போது பெரும்பாலோர் இரண்டும் ஒன்றே, நிறம்தான் வேறு என்கிறார்கள். நிறத்தை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? ஆண் மைட்டை. இந்தப் பேரினத்தில் பெண்கள் எல்லாம் அச்சு அசல் ஒரே மாதிரி. ஆணின் உறுப்பு நுனியில் கொக்கி எப்படி வளைந்திருக்கிறது என்பதுதான் முக்கிய அடையாளம். அதைக் கண்ணாடித் தகட்டில் சரியாகப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் வளைவு மாறித் தெரியும். ஒரு இலையில் பெண்கள் நிறையவும் ஆண்கள் கொஞ்சமாகவும் இருக்கும்போது உரக்கடையில் வைத்துச் சிற்றினம் சொல்லச் சொல்வது அநியாயம்தான், கடைக்காரரை மன்னித்துவிட்டேன்.

ஒன்றைப் பலவாக எண்ணிய தப்பு இது. பலவற்றை ஒன்றாக எண்ணிய தப்புக்கு வரோவாவை விடச் சிறந்த கதை எனக்குத் தெரிந்து இல்லை.

1904-ல் ஜாவா தீவில் ஜேக்கப்சன் என்பவர் நம் அடுக்குத் தேனீயின் கூட்டிலிருந்து பழுப்பு நிறத்தில், நண்டு ஓடு மாதிரி அகலமாக இருந்த ஒரு மைட்டைச் சேகரித்தார். அதை விவரித்தவர் நெதர்லாந்தின் அவுடமன்ஸ். மைட் உலகில் பெரிய ஆள், அதே மனிதர் 1892-ல் கடல் நாகம் உண்மையில் இருக்கிறது, அது ஒரு ராட்சதச் சீல் என்று தடிமனான புத்தகமும் எழுதினார். மைட் பற்றி அவர் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்வோம். தேனடையின் அறுகோணத்தைப் பற்றி எழுதிய ரோமாபுரி அறிஞர் வாரோவின் நினைவாகப் பேரினத்துக்கு வரோவா என்றும், சேகரித்தவருக்காகச் சிற்றினத்துக்கு ஜேக்கப்சோனி என்றும் பெயர் வைத்தார்.

அரை நூற்றாண்டுக்கு இதை யாரும் சீண்டவில்லை. அடுக்குத் தேனீயின் கூட்டில் அது ஆண் புழுக்கள் இருக்கும் அறையில் மட்டும்தான் பெருகும், அதனால் கூடு தாக்குப்பிடித்துவிடும். பிறகு ஐரோப்பியத் தேனீயை, நாம் இத்தாலியத் தேனீ என்று சொல்கிறோமே அதை, கிழக்கு ஆசியாவுக்குப் பெட்டியோடு கொண்டுபோனார்கள். மைட் அதற்குத் தாவியது. அங்கே வேலைக்காரத் தேனீப் புழுக்களின் அறையிலும் பெருகியது, இறக்கை சுருங்க வைக்கும் வைரஸையும் கூடவே ஏற்றிவிட்டது, பெட்டி பெட்டியாகக் கூடுகள் செத்தன. சோவியத் நாடு, ஐரோப்பா, தென் அமெரிக்கா, 1987-ல் அமெரிக்கா என்று பரவியது. எல்லா நாட்டிலும் எல்லாரும் அதை வரோவா ஜேக்கப்சோனி என்றே எழுதினார்கள். நூற்றுக்கணக்கில் கட்டுரைகள்.

ஆஸ்திரேலியாவின் டெனிஸ் ஆண்டர்சனுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஜாவாவிலும் பப்புவா நியூகினியாவிலும் அந்த மைட் ஐரோப்பியத் தேனீயின் புழு அறைக்குள் போகிறது, ஆனால் முட்டையே வைப்பதில்லை. ஒரே சிற்றினம் ஐரோப்பாவில் கூட்டை அழிக்கிறது, அது பிறந்த ஊரான ஜாவாவில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றால் கணக்கு எங்கோ இடிக்கிறது. ஆசியா முழுக்க அடுக்குத் தேனீக் கூடுகளிலிருந்து மைட்டுகளைச் சேர்த்து, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் படித்து, உடல் அளவையும் எடுத்தார். 2000-ல் ட்ரூமனோடு சேர்ந்து முடிவை வெளியிட்டார்: இரண்டு வேறு சிற்றினங்கள். இந்தோனேசியா, மலேசியா பக்கம் இருப்பது ஒன்று, அதன் பெண் சுமார் 1.5 மில்லிமீட்டர் அகலம், ஓரளவு உருண்டை. ஆசியப் பெருநிலத்தில் இருப்பது இன்னொன்று, சுமார் 1.7 மில்லிமீட்டர், நீள்வட்டம். உலகம் முழுக்கக் கூடுகளைக் கொன்றது இந்த இரண்டாவது. அதிலும் எல்லாப் பரம்பரைகளும் இல்லை, கொரிய வகை, ஜப்பானிய வகை என்று இரண்டே இரண்டுதான் ஐரோப்பியத் தேனீக்குத் தாவியிருந்தன.

இங்கேதான் விதி வேலை செய்கிறது. ஜேக்கப்சோனி என்ற பெயர் ஜாவா மாதிரியோடு கட்டப்பட்டது. ஆகவே யாருக்கும் தொந்தரவு தராத ஜாவாக்காரர் புகழ்பெற்ற பெயரை வைத்துக்கொண்டார், உலகப் பிரசித்தி பெற்ற கொலைகாரருக்குப் பெயரே இல்லாமல் போனது. புதிதாக வைத்ததுதான் வரோவா டெஸ்ட்ரக்டர், அழிப்பவன். அதனால் 2000-க்கு முந்தைய கட்டுரை எதையாவது எடுத்தால், ஜேக்கப்சோனி என்று எழுதியிருந்தாலும் எந்தத் தேனீ, எந்த நாடு என்று பார்த்துத்தான் எந்த மைட்டைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்ல முடியும். பல பத்தாண்டுகள் உலகமே தவறான பெயரை எழுதியிருக்கிறது என்றால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

இது வெறும் காகிதச் சண்டை என்று தோன்றலாம். 2008-ல் பப்புவா நியூகினியாவில் அசல் ஜேக்கப்சோனியே ஐரோப்பியத் தேனீயின் கூட்டில் பெருகத் தொடங்கியிருப்பதைக் கண்டார்கள். அந்த நிலையில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்திருந்தால் இப்படி ஒரு புதுத் தாவல் நடந்ததை எப்படிச் சொல்லியிருப்பார்கள்? 2016-ல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் துறைமுகத்தில் பிடிபட்டது ஜேக்கப்சோனி, 2022-ல் நியூகாசில் துறைமுகத்தில் பிடிபட்டது டெஸ்ட்ரக்டர். இரண்டாவதை ஒழிக்கும் முயற்சியை அடுத்த வருடமே கைவிட வேண்டியதாயிற்று.

ஆண்டர்சன் இதே வேலையை இன்னொரு தேனீ மைட்டிலும் செய்தார். 1961-ல் பிலிப்பைன்ஸில் விவரிக்கப்பட்ட ட்ரோபிலேலாப்ஸ் கிளேரியே என்ற பெயரைத்தான் ஆசியா முழுக்க எழுதிவந்தார்கள். 2007-ல் மார்கனோடு சேர்ந்து அதைப் பிரித்தபோது, ஆசியப் பெருநிலத்தில் மலைத்தேனீயிலும், இத்தாலியத் தேனீப் பெட்டிகளிலும் இருப்பது வேறொன்று என்று தெரிந்தது. அதற்கு மெர்சிடெஸே என்று பெயர் வைத்தார்கள், முதல் விவரிப்பை எழுதியவர்களில் ஒருவரான மெர்சிடெஸ் டெல்ஃபினாடோவின் நினைவாக. தான் வைத்த பெயரைப் பிரித்தவர்களே தன் பெயரையும் வைத்தால் கோபித்துக்கொள்வதா, சந்தோஷப்படுவதா? நம் முகத்தில் மயிர்க்கால்களில் குடியிருக்கும் டெமோடெக்ஸ் கூட இப்படித்தான், 1842-லிருந்து ஒன்று என்று நினைத்திருந்தார்கள், 1963-ல் அக்புலடோவா குட்டையாக இருப்பதைத் தனியாகப் பிரித்தார்.

தென்னை ஈரியோபைட்டுக்கு வருகிறேன். தேங்காயின் தொட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு குரும்பையை உறிஞ்சி மட்டையில் பழுப்புத் தழும்பு உண்டாக்கும் இந்த ஜீவன் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத வெள்ளைப் புழு மாதிரி இருக்கும், எட்டுக்குப் பதில் நாலே கால், வலையும் பின்னாது. ஆனாலும் சிலந்தி. மெக்சிகோவின் குவெரெரோ மாநிலத்திலிருந்து வந்த மாதிரிகளை வைத்து கெய்ஃபர் 1965-ல் அசெரியா குவெரெரோனிஸ் என்று பெயர் வைத்தார். 1971-ல் அவரும் நியூகிர்க்கும் சேர்ந்து, பழைய பேரினப் பெயர்கள் எந்த மாதிரிக்கு உரியவை என்று கிளறி எல்லாவற்றையும் மாற்றிப்போட, அசெரியா எல்லாம் எரியோஃபயஸ் ஆனது, எரியோஃபயஸ் எல்லாம் வேறொன்று ஆனது. விதிப்படி நியாயம் இருந்திருக்கலாம், வேலை செய்பவர்களுக்கோ தலைவலி. 1989-ல் ஆணையம் தலையிட்டுப் பழைய வழக்கத்தையே திரும்பக் கொண்டுவந்தது. இடையில் அச்சான தாள்களில் நம் தென்னை மைட் எரியோஃபயஸ் குவெரெரோனிஸ் என்று இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான்.

1997 கடைசியில் இலங்கையின் கற்பிட்டியிலும், 1998-ல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் இது தெரியவந்து அடுத்து தமிழ்நாட்டுத் தோப்புகளுக்குள் வந்தபோது, எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பெரிதாக இருந்தது. தென்னை ஆசியப் பக்கத்து மரம், மைட்டும் இங்கேயே மறைந்திருந்திருக்கலாமே? டி.என்.ஏ. பார்த்தபோது அமெரிக்கக் கண்டத்து மைட்டுகளுக்குள் நிறைய வேறுபாடு, ஆப்பிரிக்க, ஆசிய மைட்டுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. பழைய வீட்டில்தான் விதவிதமான சொந்தங்கள் இருக்கும். ஆக அமெரிக்கப் பக்கம் வேறு ஏதோ பனையினத்தில் இருந்தது அங்கே போன தென்னைக்குத் தாவி, பிறகு இங்கே வந்திருக்கிறது என்பதுதான் இப்போதைய கணிப்பு. குவெரெரோ என்ற பெயர் இந்த முறை தற்செயலாகச் சரியான திசையைக் காட்டிவிட்டது.

கடைசியாக ஒரு பெயர், இதை மருத்துவமனை வாசலில் கேட்டிருப்பீர்கள். மழைக்காலமும் பனிக்காலமும் வந்தால் தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வரும், அதை நாம் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். பரப்புவது உண்ணி இல்லை, தம்பலப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மைட். அதிலும் கண்ணுக்குத் தெரியாத ஆறுகால் குஞ்சுப் பருவம் மட்டும். அது வாழ்நாளில் ஒரே ஒரு முறை எலியையோ மனிதனையோ கடித்துச் சில நாள் தின்றுவிட்டு மண்ணுக்குள் இறங்கிவிடும், வளர்ந்தபின் பூச்சி முட்டைகளைத் தின்று வாழும். இதனால் வகைப்பாட்டிலும் ஒரு விசித்திரம்: இந்தக் குடும்பத்தில் பெரும்பாலான சிற்றினங்களைக் குஞ்சை மட்டும் வைத்துத்தான் விவரித்திருக்கிறார்கள், வளர்ந்ததை மண்ணில் கண்டெடுத்தவர் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கவும் கூடும். நம் பக்கத்தில் இந்தக் காய்ச்சலை முதன்மையாகப் பரப்புவதாகக் கருதப்படும் லெப்டோட்ராம்பிடியம் டெலியென்ஸே சுமத்ராவின் டெலி தோட்டப் பகுதியின் பெயரைத் தாங்கியது, 1922-ல் வால்ச் விவரித்தது.

உண்ணி என்று கேட்டதும் வீட்டுக்காரர்கள் முதலில் செய்வது நாயைக் குளிப்பாட்டுவதுதான். குஞ்சு மைட் இருப்பதோ வீட்டுக்குப் பின்னால் எலி ஓடும் புதரில். கடித்த இடத்தில், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் நோயாளியே சொல்லமாட்டார். நல்ல மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லித் தேடிப் பார்ப்பார்.